ஊர் எல்லையில் ஒரு பேருந்து நிலையம்

தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று இரண்டாம் திருப்பலி முடிந்து நாம் திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்த வேளையில், பங்குக் குடும்பத்தினர் ஏழெட்டுப் பேர் சக்ரீஸ்துவின் வாயிலில் வந்து நின்றனர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், பேருந்து நிலையத்தில் தேநீர்க் கடை வைத்திருப்பவர் ஒருவர், ஆட்டோ ஓட்டுநர் இருவர், பிள்ளையை இடுப்பில் ஏந்திய தாய் ஒருத்தி எனப் பலவகைப்பட்டோர் அக்கூட்டத்தில் இருந்தனர். தலைமையாசிரியரின் கையில் நான்கு தாள்கள் கொண்ட விண்ணப்பம் ஒன்று இருந்தது. "சாமி, முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும்" என்றார் அவர்.

செய்தி இதுதான். எமது நகரின் நடுவேயுள்ள பேருந்து நிலையத்தை எடுத்துவிட்டு, நான்கு கிலோமீட்டருக்கு அப்பால் புறவழிச்சாலையின் ஓரத்தில் புதிதாக ஒன்றைக் கட்டத் திட்டம் எழுந்துள்ளது. கூடவே வணிக வளாகமும் கடைத்தெருவும் வரும் என்று பேச்சு. "புதிய பேருந்து நிலையம் வேண்டாம்" என்பது விண்ணப்பத்தின் தலைப்பு. நெரிசல் பெருகும், விபத்துகள் பெருகும், ஏழைகள் பிழைப்பிழப்பர் என்று நான்கு தாள்களிலும் அச்சமே நிறைந்திருந்தது. அவ்வச்சம் பொய்யானதன்று. ஆயினும், எவ்வளவு பெருகும், எங்கே பெருகும், ஏன் பெருகும் என்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை. ஒரு வார காலம் தாருங்கள் என்று கேட்டு அதனை வாங்கி வைத்துக்கொண்டோம். தேநீர்க் கடைக்காரரின் முகம் வாடியது. சாமியும் தட்டிக் கழிக்கிறார் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும்.

எமக்கு அந்தப் புறவழிச்சாலை புதிதன்று. அதன் மறுபுறத்தில் எமது பங்கைச் சேர்ந்த கிளைக் கிராமம் ஒன்று உண்டு. அறுபது குடும்பங்கள், புனித அந்தோணியாரின் சிற்றாலயம் ஒன்று. சாலை இருவழியாக இருந்த காலத்தில் கறவைமாடுகளும் பள்ளிப் பிள்ளைகளும் நின்று நிதானித்துக் கடந்து செல்வர். நான்குவழியாக விரிந்து, நடுவே சென்டர் மீடியன் எழுந்தபின், கிராமத்துக்கு நேரெதிரே இருந்த வழி அடைபட்டது. வண்டி திருப்ப வேண்டுமாயின் ஒன்றரைக் கிலோமீட்டர் சென்று திரும்ப வேண்டும். வந்த தூரத்தையும் சேர்த்தால் மூன்று கிலோமீட்டர். எதிர்த்திசையில் ஓரமாகச் சென்றால் இருநூறு மீட்டர்தான். உண்மையை மறைப்பானேன்? செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு நேரமாகிவிட்ட மாலைகளில், எமது பழைய மொபெட்டில் நாமே எதிர்த்திசையில் சென்றிருக்கிறோம். எதிரே வரும் லாரிக்காரர் ஒலிப்பானை அழுத்தி எம்மைத் திட்டியதும் உண்டு. அவர் திட்டியது நியாயமே.

அக்கிராமத்துப் பூக்காரப் பாட்டி ஒருவரை நாம் அடக்கம் செய்தோம். வைகறையில் பூக்கூடையோடு நடுத்திட்டின் மேலேறி மறுபுறம் இறங்கியவர் அவர். எழுபது வயதைக் கடந்தவர். நாள்தோறும் செய்து பழகிய செயல். கூடை சாலையோரம் கிடந்ததாகவும், மல்லிகை மொட்டுகள் மறுநாளும் தாரில் ஒட்டிக் கிடந்ததாகவும் அவருடைய மகன் எம்மிடம் கூறினார். ஓட்டியவர் மேல் வழக்குப் பதிவாயிற்று. அந்த வழியை அடைத்தபோது நடப்பவர் எங்கே கடப்பர் என்று எண்ணாது விட்டவர் எவர் என்பதை எவரும் கேட்கவில்லை. நாமும் அன்று கேட்கவில்லை.

அந்த ஒரு வாரத்தில் நாம் சிறு கணக்கொன்றைப் போட்டுப் பார்த்தோம். குருமடத்தில் மெய்யியல் பயின்ற எமக்குக் கணிதம் வெகுதொலைவு; பங்கிலுள்ள பொறியியல் மாணவர் இருவர் துணைநின்றனர். நான்குவழிச் சாலையில் ஒரு பக்கத்துக்கு இரு தடங்கள். தடம் ஒன்று மூன்றரை மீட்டர். ஆக 7 மீட்டர். நல்ல உடல்நலம் உள்ளவர் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் எனக் கொண்டால், அதைக் கடக்க ஆறு வினாடி ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் அந்த ஆறு வினாடியில் 100 மீட்டர் ஓடிவிடும். ஆகவே நூறு மீட்டருக்குள் வாகனம் ஏதும் இல்லாதபோதே ஒருவர் கால் வைக்கலாம். பூக்கூடை சுமந்த மூதாட்டி அதில் பாதி வேகத்தில் நடந்தால் இருநூறு மீட்டர் வெறுமையாக இருத்தல் வேண்டும். மறுபுறத்து இரு தடங்களுக்கும் இதே கணக்கை மீண்டும் ஒருமுறை போட வேண்டும். வைகறை இருளில் இருநூறு மீட்டருக்கு அப்பால் வரும் விளக்கு லாரியினுடையதா, மொபெட்டினுடையதா, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று எழுபது வயதுக் கண்கள் எவ்வாறு அறியும்?

இப்படியொரு சாலையின் ஓரத்தில் பேருந்து நிலையம் ஒன்று வருமாயின், கடப்போர் அறுபது குடும்பத்தாராக இரார்; நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானோராக இருப்பர். 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களுள் நடந்து சென்றோர் மட்டும் 32,825 பேர். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் நிகழ்ந்த விபத்துகள் 64,105. எண்ணிக்கையில் மாநிலங்கள் அனைத்திலும் முதலிடம். இறந்தோர் 17,884 பேர். இவை அரசே வெளியிட்ட எண்கள்.

சாலை எவ்வளவு வாகனங்களைத் தாங்கும் என்பதற்கும் ஓர் அளவை உண்டு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்னும் பொறியாளர் அமைப்பு, நகர்ப்புறச் சாலைகளுக்காக 1990-இல் வெளியிட்ட வழிகாட்டி ஒன்றில் அது விளக்கப்பட்டுள்ளது. ஒரு காரை ஓர் அலகு எனக் கொண்டு மற்ற வாகனங்களை அதனோடு ஒப்பிடுகின்றனர். இருசக்கர வாகனம் அரை அலகு முதல் முக்கால் அலகு வரை, ஆட்டோ 1.2 முதல் 2 வரை, பேருந்து 2.2 முதல் 3.7 வரை. தள்ளுவண்டிக்கு 2 முதல் 3 வரை! காரோட்டியைக் காட்டிலும் வாழைப்பழ வண்டிக்காரர் சாலையில் பெரியவர் என்று அறிந்து நாம் சற்றே மகிழ்ந்தோம்.

எம்மை வியக்க வைத்தது இதனை அடுத்து வரும் செய்தி. எதிரும் புதிருமாக வாகனங்கள் செல்லும் இருதடச் சாலை ஒன்றின் ஓரத்தில் கடைகளும் வாயில்களும் இல்லாமல், வண்டிகள் நிறுத்தப்படாமல், குறுக்கே செல்வோரும் மிகக் குறைவாக இருந்தால், அது மணிக்கு 1500 அலகுகளைத் தாங்கும் என்கிறது அவ்வழிகாட்டி. அதே அகலமுள்ள சாலையின் இருபுறமும் கடைகள் திறந்து, வண்டிகள் நிற்கத் தொடங்கி, குறுக்கே போவோரும் மிகுந்தால் தாங்கும் திறன் 900 அலகாக இறங்கிவிடும். சாலையை எவரும் குறுக்கவில்லை. தாரையும் எவரும் பெயர்க்கவில்லை. ஓரத்தில் நடப்பவற்றால் மட்டும் ஐந்தில் இரு பங்கு சாலை காணாமற்போகிறது.

இனி எமது நகரிலிருந்து புறவழிச்சாலைக்குச் செல்லும் நான்கு கிலோமீட்டர் இணைப்புச் சாலையை எண்ணிப் பாருங்கள். அது இருதடச் சாலையே. புதிய நிலையம் வந்தால் வெளியூர்ப் பேருந்துகள் நகருக்குள் வாரா என்பது உண்மை. ஆனால் பயணிகள் நகருக்கு வந்தே தீர வேண்டுமே! மணிக்கு 40 டவுன் பஸ்களும் 200 ஆட்டோக்களும் அவர்களை ஏற்றிச் செல்லும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பேருந்துக்குக் குறைந்த அளவான 2.2-ஐயும் ஆட்டோவுக்கு 2-ஐயும் கொண்டாலும் 488 அலகுகள். நிலையம் வருகிறது என்ற செய்தி பரவியதுமே அச்சாலையின் இருமருங்கிலும் கடைகள் முளைக்கும். 1500 என்பது 900 ஆகும். அந்த 900-இல் பாதிக்கும் மேற்பட்டதைப் புதிய நிலையமே எடுத்துக்கொள்ளும். இன்று அச்சாலையில் செல்லும் டிராக்டர்களும் பள்ளி வேன்களும் மிச்சத்தில் நெருங்கிச் செல்ல வேண்டும்.

இவ்வாறெல்லாம் நேருமா என்று ஐயுறுவோர் சென்னையின் வரலாற்றைப் பார்க்கலாம். ஜார்ஜ் டவுனில் கொத்தவால் சாவடிச் சந்தை நெரிசல் தாங்காது 1996-இல் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. பாரிமுனையிலிருந்து புறப்பட்ட வெளியூர்ப் பேருந்துகளும் 2002 நவம்பரில் கோயம்பேட்டுக்கு மாறின. அக்காலத்தில் கோயம்பேடு ஊருக்கு வெளியே என்றுதான் மக்கள் பேசினர். இருபது ஆண்டுகளுக்குள் கோயம்பேடே ஊரின் நெரிசல்மிகு நடுப்பகுதியாகி, தென்மாவட்டப் பேருந்துகளுக்கென வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் மற்றொரு நிலையம் கட்ட வேண்டியதாயிற்று. 88 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில், ஏறத்தாழ 394 கோடி ரூபாயில் எழுந்த அது 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. கட்டடம் அழகும் விசாலமும் உடையது. கழிப்பறைகளும் தாய்மார் பாலூட்டும் அறைகளும் உண்டு. குறைசொல்ல நாம் இதனை எழுதவில்லை. ஆனால் திறப்பு நாளில் நிலைமை யாது? கடற்கரை–செங்கற்பட்டு மின்சார ரயில்கள் ஜி.எஸ்.டி. சாலைக்கு மறுபுறம் ஓடிக்கொண்டிருந்தன. ஆயினும் கிளாம்பாக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி வேறு வண்டி பிடிக்க வேண்டும். மெட்ரோ ரயில் மீனம்பாக்கம் விமான நிலையத்தோடு நின்றிருந்தது. ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து ரயில் பாதையை அடைய நடைமேம்பாலமும் இல்லை. 2024 ஜனவரி இறுதியில் கோயம்பேட்டிலிருந்து தென்திசை அரசுப் பேருந்துகள் இங்கு மாற்றப்பட்டபின், கோயம்பேட்டுக்கு அருகில் குடியிருந்தோர் பேருந்து ஏறுவதற்கே முப்பது கிலோமீட்டர் பயணம் செய்ய நேர்ந்தது. பிப்ரவரியில் ஒரு நள்ளிரவு, ஊருக்குச் செல்லப் போதிய பேருந்து இல்லையென்று பயணிகள் சாலையில் அமர்ந்து மறித்தனர். தனியார் ஆம்னி பேருந்துக்காரர்கள் உயர் நீதிமன்றத்தை நாடினர். கட்டடம் முதலில் வந்தது. அதனை அடையும் வழி பின்னால் வந்தது. இதுவே அந்த இடர்ப்பாட்டின் வேர் என்பது எமது கருத்து.

திருச்சியிலும் பஞ்சப்பூரில் புதிய ஒருங்கிணைந்த நிலையம் 2025 மே 9 அன்று திறந்துவைக்கப்பட்டு, ஜூலை 16 முதல் இயங்கத் தொடங்கியது. கோவையில் வெள்ளலூரில் 2020-இல் தொடங்கிய பணி பாதியில் நின்றது. ஆகவே எமது ஊருக்கு வரவிருப்பது தமிழகமெங்கும் நிகழ்ந்துவருவதே.

அந்த வாரத்தின் வியாழன் இரவு, உணவுக்குப் பின், பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவர் தனியே எம்மைக் காண வந்தார். குறித்த இடத்துக்கு அருகில் அவருக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் உண்டு. கடலை விதைத்துக் கடனே கண்ட நிலம். "சாமி, நீங்கள் கையெழுத்துப் போட்டால் என் நிலத்தின் விலை நின்றுவிடும். மூத்தவளுக்கு வைகாசியில் திருமணம் வைத்திருக்கிறேன்" என்றார். நகரின் நடுவேயுள்ள பழைய நிலையத்தைப் பற்றியும் அவர் பேசினார். அதில் நியாயம் இருந்தது. காலை எட்டரை மணிக்கு அங்கே பின்னோக்கி வரும் பேருந்துக்கும் பெண்கள் பள்ளி மாணவியருக்கும் இடையே ஒரு முழம் இடைவெளியும் இராது. அரசு மருத்துவமனைக்குச் செல்லும் ஆம்புலன்ஸ் அம்முனையில் அலறி நிற்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். நோயில்பூசுதலுக்கு விரைந்தபோது அவ்வண்டிக்குப் பின்னால் நாமும் நின்றிருக்கிறோம். "இது இப்படியே இருக்கட்டும் என்றா கையெழுத்துப் போடப் போகிறீர்கள்?" என்று அவர் கேட்டார். எம்மிடம் விடை இல்லை. தேநீர்க் கடைக்காரரும் எமது பிள்ளை; இவரும் எமது பிள்ளை. இருவரில் ஒருவர் அழ நேரும் என்பது அன்றிரவு தெரிந்தது.

சட்டம் இதில் என்ன துணை செய்யும் என்றும் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டோம். இருபதாயிரம் சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டடங்களுக்குச் சுற்றுச்சூழல் முன்னனுமதி வேண்டும் என்று மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை கூறுகிறது. விண்ணப்பிப்போர் போக்குவரத்து பற்றியும் அதில் விளக்கம் தர வேண்டும். ஆனால் அதே அறிவிக்கை கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கும் அளித்துவிட்டது. சுரங்கத்துக்கும் தொழிற்சாலைக்கும் பந்தல் போட்டு மக்களைக் கேட்பர். கட்டடத்துக்குக் கேட்கத் தேவையில்லை. இருப்பினும் கதவுகள் எல்லாம் அடைபட்டுவிடவில்லை. தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில் கட்டுவோர் அச்சாலையில் ஏறி இறங்க வழியமைக்கத் தனி அனுமதி பெற வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டுச் சட்டம். குறித்த இடம் நகராட்சி எல்லையைத் தாண்டி ஊராட்சியில் இருப்பதால் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. அங்கு எமது கிளைக் கிராமத்தார் எழுந்து பேசலாம். இதுகாறும் அவர்களுள் எவரும் பேசியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் செலுத்தி, விரிவான திட்ட அறிக்கையையும் அதில் போக்குவரத்து ஆய்வு உண்டா என்பதையும் கேட்கலாம். முப்பது நாளில் விடை தர வேண்டும். பழைய நிலையத்தைச் சுற்றித் தரைக்கடை போட்டிருப்போருக்குத் தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014 என ஒன்று இருக்கிறது. அவர்களைக் கணக்கெடுத்துச் சான்று அளிக்க வேண்டும். இங்குள்ள பூக்காரரும் பழக்காரரும் அதனைக் கேள்விப்பட்டதே இல்லை.

பிறரைக் கேட்குமுன் எம்மையும் கேட்க வேண்டியிருந்தது. எமது பள்ளி நடுநகரில் இருக்கிறது. காலையில் நாற்பது நிமிடம் அதன் வாயிலில் வேன்களும் ஆட்டோக்களும் பெற்றோரின் வண்டிகளும் தெருவை அடைத்துக் கிடக்கின்றன. நெரிசலைப் பற்றி விண்ணப்பம் எழுதிய தலைமையாசிரியரும் நாமும் பணியாற்றியது அதே பள்ளியில்தான். திருவிழாத் தேர்ப்பவனிக்கு ஆண்டுதோறும் நான்கு மணி நேரம் கடைவீதியை அடைக்கிறோம். மாற்றுவழிப் பலகை வைக்க வேண்டுமென்று ஒருமுறையும் எமக்குத் தோன்றவில்லை. புறவழிச்சாலைக்கு அருகில் சமூகக்கூடம் ஒன்று கட்டலாம் என்று பேரவையில் சென்ற ஆண்டு பேசியபோது, சமையற்கூடம் எங்கே, மணமேடை எங்கே என்றெல்லாம் வாதிட்டோம். வருவோர் சாலையை எங்கே கடப்பர் என்று எவரும் வாய் திறக்கவில்லை. அந்த வரைபடத்தை இப்போது சுருட்டி உத்திரத்தின் மேல் வைத்திருக்கிறோம்.

மறு ஞாயிறன்று ஆலய வளாகத்து வேப்பமரத்தடியில் அனைவரும் கூடினர். விண்ணப்பத்தின் தலைப்பை மாற்றினால் கையெழுத்திடுகிறோம் என்றோம். "வேண்டாம்" என்பதற்குப் பதிலாக "முன்னர்" என்ற சொல்லை வைத்தோம். நிலையத்தின் வாயில் திறக்குமுன்னர், கிளைக் கிராமத்துக்கு நேரே, சாய்தளமும் விளக்கும் உள்ள சுரங்கப்பாதை வேண்டும். மழைநீர் தேங்காதவாறு அதனை அமைக்க வேண்டும். தேங்குமாயின் மக்கள் மீண்டும் மீடியன் மேல்தான் ஏறுவர். சர்வீஸ் ரோடு முழுமையடையும் முன்னர் பேருந்துகளை நெடுஞ்சாலையில் இறக்கலாகாது. இணைப்புச் சாலையில் நடைபாதையைப் போட்டு, கடைகளின் எல்லையையும் வண்டிகள் நிற்கும் இடத்தையும் முன்னரே வரையறுக்க வேண்டும். முதல் பேருந்து வரும் வைகறைக்கும் கடைசிப் பேருந்து வரும் நள்ளிரவுக்கும் நகருக்கு டவுன் பஸ் இருக்க வேண்டும். இல்லையேல் இரவு இரண்டு மணிக்கு இறங்கும் பெண்பிள்ளை ஆட்டோக்காரர் கேட்கும் கூலியைத் தர வேண்டியிருக்கும். இதை எழுதியபோது ஆட்டோ ஓட்டுநர்கள் இருவரும் சிரித்துவிட்டனர். ஆனால் அடிக்கச் சொல்லவில்லை. தரைக்கடைக்காரர்களுக்குப் புதிய இடத்தில் உரிய பங்கு வேண்டும் என்றும் எழுதினோம்.

இரண்டு ஏக்கர் நிலத்துக்காரர் கையெழுத்திட்டார். தேநீர்க் கடைக்காரர் இடவில்லை. "நீங்கள் எல்லாம் படித்தவர்கள், 'முன்னர்' என்பீர்கள். அவர்கள் கட்டிவிட்டுப் 'பின்னர்' என்பார்கள். இருபத்தாறு வருடக் கடை, சாமி" என்று கூறி எழுந்து சென்றுவிட்டார். அதன் பிறகு இரண்டு ஞாயிறுகளாக அவர் முதல் திருப்பலிக்கு வருகிறார். எம்மைக் காணாமல் பக்கவாயிலால் சென்றுவிடுகிறார். சென்ற செவ்வாயன்று நாமே அவருடைய கடைக்குச் சென்று அமர்ந்தோம். தேநீர் தந்தார், காசு வாங்கவில்லை, பேசவுமில்லை.

விண்ணப்பத்தை உரிய அலுவலகங்களில் சேர்த்து, முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டுகளைப் பெற்று வந்துள்ளோம். தகவல் கேட்டு அனுப்பிய மனுவுக்கு இன்னும் பதினொரு நாள் தவணை இருக்கிறது. வரும் மே முதல் நாள் கிராம சபையில் பேசுவதற்குப் பூக்காரப் பாட்டியின் மருமகள் ஒப்புக்கொண்டிருக்கிறார். மேடையேறிப் பழக்கமில்லை என்று அஞ்சுகிறார். நூறு மீட்டர் கணக்கை மட்டும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தருமாறு எம்மிடம் கேட்டிருக்கிறார்.